பாவித்த லெப்டொப்பும் உப்புக் காற்றும்

கல்முனையில் ஒரு கடை. கண்ணாடி மேசைக்குள் கறுப்பு லெப்டொப்புகள் வரிசையாகக் கிடக்கின்றன. மகளுக்கு வந்தாறுமூலைக் கம்பஸ் கிடைத்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வந்து நிற்கிறார். கடையில் நிற்கும் தம்பி ஒன்றை எடுத்து மூடியைத் திறந்து, மூலையில் ஒட்டியிருக்கும் நீல ஸ்டிக்கரைத் தொட்டுக் காட்டுகிறார். "ஐ7 காக்கா. பக்கத்தில கிடக்கிற ஐ5ஐ விட விலையும் குறைவு." அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. சார்ஜர் வாங்கப் போன எனக்குத்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. ஐ7, ஐ5ஐ விட மலிவாக ஏன் கிடைக்கிறது என்று கேட்டுவிட்டேன்.

விண்டோஸின் சிஸ்டம் விபரப் பக்கத்தைத் திறந்ததும் காரணம் தெரிந்தது. மலிவான மெஷினின் புரொசசர், அதாவது அதன் மூளைச் சில்லு, ஐ7-4600யு. விலை கூடியதில் இருந்தது ஐ5-8250யு. கோட்டுக்குப் பிறகு வரும் முதல் இலக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். 4 என்றால் நான்காம் தலைமுறை, இன்டெல் 2013இல் வெளியிட்டது. 8 என்றால் எட்டாம் தலைமுறை, 2017இல் வந்தது. (பத்தாம் தலைமுறையிலிருந்து இரண்டு இலக்கங்களைச் சேர்த்து வாசிக்க வேண்டும், 10210 என்றால் பத்து, 1135 என்றால் பதினொன்று.) ஐ3, ஐ5, ஐ7 எல்லாம் ஒரே வகுப்புக்குள் யார் முதலாம் பிள்ளை, யார் பத்தாம் பிள்ளை என்று சொல்லும் பட்டங்கள். 2013ஆம் ஆண்டு வகுப்பின் முதலாம் பிள்ளையை 2017ஆம் ஆண்டு வகுப்பின் நடுத்தரப் பிள்ளை ஓடி முந்திவிடுகிறது. அந்த ஐ7இல் இருப்பது இரண்டு கோர், சில்லுக்குள் வேலை செய்யும் இரண்டு கை மாதிரி. இந்த ஐ5இல் நான்கு.

பாவித்த கொம்பியூட்டர் இன்னும் வாங்கலாமா என்று என்னிடம் கேட்கிற எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இந்த எட்டைப் பற்றித்தான். எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிறகோ என்றால் தாராளமாக வாங்கலாம். அதற்கு முந்தியது என்றால், என்ன வேலைக்கு என்று நான் திருப்பிக் கேட்பேன்.

எட்டு என்ற இந்த எல்லைக்கோடு இரண்டு முறை கீறப்பட்டது. முதலில் கீறியது இன்டெல். ஏழாம் தலைமுறையின் ஐ5-7200யு வரைக்கும் மெல்லிய லெப்டொப்புகளின் ஐ5களில் இரண்டு கோர்தான் இருந்தது. எட்டில் அது ஒரே பாய்ச்சலாக நான்காகியது. அதற்கு முந்திய சில தலைமுறைகளில் வித்தியாசம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூடியது. இந்தப் படி கண்ணுக்குத் தெரியும் உயரம். இரண்டாவதாகக் கீறியது மைக்ரோசொஃப்ட். 2021 ஒக்டோபரில் விண்டோஸ் 11ஐ வெளியிட்டபோது, அரிதான சில விதிவிலக்குகளைத் தவிர, இன்டெலில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ளவற்றை ஏற்பதில்லை என்று அறிவித்தது. இன்டெலுக்குப் போட்டியான ஏஎம்டியின் ரைசன் புரொசசர்களுக்கும் அப்படியொரு பட்டியல் உண்டு. லெப்டொப் என்றால் 3000 வரிசையிலிருந்து பார்த்தால் பெரும்பாலும் பிழை வராது. பிறகு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றது. வீட்டுப் பாவனையாளர்களுக்கு 2026 ஒக்டோபர் 13 வரை ஒரு வருட நீடிப்புக் கொடுத்தார்கள். அது தவணை சொல்வது போலத்தான்.

கடைகளில் இதற்கொரு பதில் வைத்திருக்கிறார்கள். "ஆறாம் ஜெனரேஷன்தான், ஆனா விண்டோஸ் 11 போட்டுத் தருவம்." பொய் சொல்லவில்லை. மெஷினின் தகுதியைப் பார்க்கும் பரிசோதனையை ஏய்த்து விண்டோஸ் 11ஐ ஏற்றும் வழி உலகம் முழுக்கத் தெரிந்ததுதான். ஏறும், ஓடும், பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் இப்படி ஏற்றிய மெஷினுக்குப் புதுப்பிப்புகள் வரும் என்று மைக்ரோசொஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. வருடாந்தப் பெரிய பதிப்பு வரும்போது திரும்பவும் அதே வித்தையைச் செய்ய வேண்டியிருக்கும், செய்து தர ஆளும் வேண்டும். இன்னும் பழைய கோர் 2 டுவோ மெஷின்களில் அந்த வித்தையும் பலிக்காது. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு கேட்கும் சில கட்டளைகள் அந்தச் சில்லுகளுக்குள்ளேயே கிடையாது. ஏற்ற முயன்றாலும் ஓடாது. சிலர் "டிபிஎம் 2.0 இருக்கு, பிரச்சினை இல்லை" என்பார்கள். டிபிஎம் என்பது விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லு. ஆறாம் ஏழாம் தலைமுறை அலுவலக மெஷின்கள் பலவற்றில் டிபிஎம் இருக்கத்தான் செய்கிறது. அவை வெளியே நிற்பது புரொசசர் பட்டியலில் பெயர் இல்லாததால்.

சரி, இவ்வளவு லெப்டொப் எங்கிருந்து வருகிறது? அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வளைகுடாவிலும் பெரிய நிறுவனங்கள் மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை ஊழியர்களின் லெப்டொப்புகளை மொத்தமாக மாற்றும். கழித்ததை வாங்கிச் சோதித்துத் துடைத்து விற்பதற்கென்றே துபாய் போன்ற ஊர்களில் வியாபாரம் நடக்கிறது. அங்கிருந்து கொழும்புக்கு வந்து, பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா பக்கமாகச் சுற்றி, இரவு பஸ்ஸில் நம் பக்கம் வந்து சேரும். அதனால்தான் கல்முனையிலும் காத்தான்குடியிலும் மட்டக்களப்பு டவுனிலும் திரும்பத் திரும்ப அதே முகங்கள்: லெனோவோ திங்க்பேட் டி480, டெல் லாட்டிடியூட் 7490, எச்பி எலைட்புக் 840 ஜி5. மூன்றும் 2018இன் மெஷின்கள், மூன்றும் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை (ஏழாம் தலைமுறையோடு வந்தவையும் உண்டு). ஒரு சின்னப் பொறி: எலைட்புக் 840 ஜி3 ஆறாம் தலைமுறை, ஜி4 ஏழு. வெளித்தோற்றத்தில் ஒரே குடும்பம். விற்கிறவர் "840" என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், ஜி எத்தனை என்று கேட்டு எடுங்கள்.

இந்த அலுவலக மெஷின்களுக்கு நான் சார்பாகப் பேசுகிறேன் என்பதை மறைக்கவில்லை. ஒரே விலைக்குப் புதிதாகக் கிடைக்கும் மலிவு பிளாஸ்டிக் லெப்டொப்பை விட இவை திருத்துவதற்காகவே கட்டப்பட்டவை போலிருக்கும். கீபோர்ட் போனால் மாற்றலாம். ரேம் (நினைவகம்) கூட்டலாம். டி480இல் இரண்டு பேட்டரி. ஒன்று வெளியே இருப்பதால் மூடி திறக்காமலே கழற்றி மாட்டலாம். பெரும்பாலானவற்றில் விண்டோஸ் உரிமமும் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். சுத்தமான விண்டோஸை ஏற்றி இணையத்தில் இணைத்தால் தானாக அங்கீகரித்துக்கொள்ளும். அப்படியிருக்க, கடையில் திருட்டு அக்டிவேட்டர் ஒன்றை ஓடவிட்டுத் தருவதை ஏன் வாங்க வேண்டும்? அந்த அக்டிவேட்டரோடு வேறென்ன சேர்ந்து ஏறியது என்பது வங்கிக் கணக்கைத் திறந்த பிறகுதான் தெரியவரும்.

விலையைப் பற்றி எழுதுவது ஆற்றில் எழுதுவது மாதிரி. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபா அளவில் நின்றது. மே மாதம் 360ஐ எட்டியது. அந்த வருடம் லெப்டொப் வாங்க முயன்றவர்களுக்கு அந்த வலி இன்னும் மறந்திருக்காது. 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமாகியது. இவற்றுக்கெல்லாம் மேல், 2025இன் கடைசி மாதங்களில் யாரும் எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு அடி விழுந்தது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு நிலையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போக, ரேம் விலை உலகம் முழுக்கக் கிடுகிடுவென ஏறியது. மைக்ரோன் நிறுவனம், நம் கடைகளிலும் தொங்கும் அதன் குரூஷியல் நுகர்வோர் வியாபாரத்தை விட்டு விலகுவதாக டிசம்பரில் அறிவித்தது. "முதலில் 4 ஜிபியோடு மலிவாக வாங்கு, பிறகு ரேம் போடலாம்" என்று நானே பல பேருக்குச் சொன்ன புத்திமதி அதோடு செல்லாக் காசாகிவிட்டது. இப்போது ரேம் உள்ளேயே இருக்கிற மெஷினைத் தேட வேண்டும். 8 ஜிபிக்குக் குறைந்தது வேண்டாம். பிரவுசரில் பத்துப் பக்கமும் ஒரு ஸூம் வகுப்பும் திறந்தாலே 4 ஜிபி மூச்சு வாங்கும். 16 ஜிபியோடு கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம்.

எவ்வளவு கொடுக்கலாம் என்பதற்கு நான் வைத்திருக்கும் கணக்கு எளியது. அதே வேலையைச் செய்யக்கூடிய புதிய லெப்டொப்பின் அன்றைய விலையைக் கேளுங்கள். பாவித்ததற்கு அதில் பாதிக்கு மேல் போகிறதென்றால் நான் திரும்பி வந்துவிடுவேன். ஏனென்றால் வாங்கிய கையோடு பேட்டரிக்கு ஒரு செலவு, ஒரு வருடத்தில் இன்னொன்றுக்கு ஒரு செலவு என்று எப்படியும் வரும்.

இதுவரை சொன்னது கண்டிக்கும் காலிக்கும்கூடப் பொருந்தும். நம் கரையோரத்துக்கென்று தனியாக ஒன்று இருக்கிறது, அதைக் கொழும்புக் கடைக்காரர் சொல்லித் தரமாட்டார்.

கல்லடியிலோ மருதமுனையிலோ கடலுக்குக் கிட்ட வீடு உள்ளவர்களுக்குத் தெரியும், யன்னல் கம்பி எத்தனை வருடத்தில் தின்னப்படுகிறது என்று. அதே காற்றுத்தான் லெப்டொப்பின் விசிறி வழியாகவும் உள்ளே போகிறது. கச்சான் காலத்தில் தூசி, வாடைக் காலத்தில் ஈரம். உப்பும் ஈரமும் சேர்ந்தால் செம்பு பச்சை பூக்கும். யூஎஸ்பி வாய்கள், சார்ஜர் குழி, கீபோர்ட் நாடாவின் நுனி, இவைதான் முதலில் போகும். ரேமின் தங்க நிறப் பற்களில் மங்கலாக ஒரு படலம் படிந்தாலே போதும், மெஷின் திரையில் ஒன்றும் காட்டாமல் பீப் அடித்துக்கொண்டிருக்கும். இதற்கு ஊர்த் திருத்துநர்களின் கைமருந்து பள்ளிப் பிள்ளைகளின் அழிறப்பர். ரேமைக் கழற்றி மெல்லத் தேய்த்து, தூசியை ஊதித் தட்டி, திரும்பப் போட்டால் பாதி நேரம் எழும்பிவிடும். சிரிக்க வேண்டாம், "மதர்போர்ட் போயிட்டு" என்று தீர்ப்புச் சொல்லப்பட்ட இரண்டு மெஷின்களை நான் இப்படி மீட்டிருக்கிறேன்.

ஒரு விசித்திரம், தினமும் ஓடும் கொம்பியூட்டர் கடற்கரையில் நீண்ட நாள் வாழ்கிறது. அதன் சூடே உள்ளே ஈரத்தைக் காயவைக்கிறது. "பிள்ளை பெரிய வகுப்புக்குப் போகட்டும்" என்று அலுமாரிக்குள் பூட்டி வைத்ததுதான் ஒரு மாரி முடிந்ததும் செத்துக் கிடக்கும். ஆகவே விற்பவர் "வீட்டில சும்மா கிடந்தது, பாவிக்கவே இல்லை" என்று பெருமையாகச் சொன்னால், நம் ஊரில் அதை ஒரு குறையாகவே எடுங்கள். பழைய டெஸ்க்டொப் என்றால் பக்க மூடியைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். பவர் சப்ளைக்குள் பல்லி எச்சமும் எறும்புக் கூடும் இல்லாத ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை.

வெள்ளத்தில் நனைந்த மெஷின் தனிக் கதை. நான் ஏமாந்தது அப்படி ஒன்றில்தான். வெளியூர்க் கடை ஒன்றில் வாங்கியது, பளபளவென்று இருந்தது, மூன்று மாதம் குதிரை மாதிரி ஓடியது. பிறகு ஒரு யூஎஸ்பி வாய் போனது, அப்புறம் கீபோர்டில் ஒரு வரிசை. திறந்து பார்த்தால் ஆணி துளைகளுக்குள் மெல்லிய சேறு காய்ந்து கிடந்தது. கடைக்குக் கோல் எடுத்தேன். "தண்ணி பட்டதுக்கு வொரண்டி இல்லை தம்பி" என்றார்கள். தண்ணீர் எனக்கு முன்னாடியே பட்டது என்று எப்படி நிரூபிப்பது? 2024 நவம்பரில் மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டங்களிலும் வெள்ளம் வீடுகளுக்குள்ளும் கடைகளுக்குள்ளும் ஏறியது நமக்குத் தெரியும். அப்படி நனைந்தவை காய்ந்த பிறகு எங்கோ ஒரு மேசைக்கு விற்பனைக்கு வரத்தான் செய்யும். அதனால் இப்போதெல்லாம் அடிப்பக்க மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்கிறேன். காட்ட மறுக்கும் கடையில் வாங்குவதில்லை. வொரண்டியையும் அது எந்த ஊர்க் கடை என்று பார்த்தே மதிக்கிறேன். கொழும்பு வொரண்டி என்றால் உதயதேவி ரயிலில் ஏறி ஒரு முழு நாள் கரைத்துத்தான் பெற வேண்டும். ஆறு மாதக் கொழும்பு வொரண்டியை விட, மூன்று மாதம் தரும் நம் ஊர்க் கடை எனக்கு மேல்.

கடையில் நிற்கும் அரை மணி நேரத்தில் வேறு இரண்டு மூன்று காரியம் செய்யலாம். பேட்டரி தொழிற்சாலையில் எவ்வளவு கொள்ளளவோடு வந்தது, இப்போது எவ்வளவு பிடிக்கிறது என்று விண்டோஸே ஒரு அறிக்கை தரும்; கடைத் தம்பிக்கு எடுக்கத் தெரியும். பாதிக்குக் கீழே இருந்தால் புதிய பேட்டரி விலையைக் கழித்துப் பேசுங்கள். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள், எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பகம்) எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, எத்தனை வீதம் ஆரோக்கியம் மிச்சம் என்று காட்டும். உள்ளே இன்னும் சுழலும் ஹார்ட் டிஸ்க் இருக்கிறதென்றால், எஸ்எஸ்டி மாற்றாமல் எடுக்கவே வேண்டாம். பழைய மெஷினுக்கு உயிர் கொடுக்கும் மருந்துகளில் அதற்கு ஈடு வேறில்லை.

எல்லாவற்றையும் விட முக்கியம் பூட்டு. கம்பனி லெப்டொப் சிலவற்றில் பழைய நிறுவனத்தின் பயோஸ் கடவுச்சொல் (விண்டோஸுக்கு முன்பே மெஷினை எழுப்பும் அடிப்படை மென்பொருளின் பூட்டு) இன்னும் கிடக்கும். சிலவற்றின் அடையாளம் அந்த நிறுவனத்தின் மைக்ரோசொஃப்ட் கணக்கிலேயே பதிவாகியிருக்கும். இணையம் இல்லாமல் விண்டோஸ் ஏற்றினால் ஒன்றும் தெரியாது, வீட்டில் திரும்ப விண்டோஸ் ஏற்றி வைஃபை கொடுத்ததும் முன்பின் தெரியாத கம்பனி ஒன்றின் பெயரோடு லொகின் பக்கம் வந்து நிற்கும். கட்டாரிலிருந்தும் சவூதியிலிருந்தும் லீவில் வருகிறவர்கள் கொண்டுவரும் மெஷின்களிலும் இது நடக்கிறது, மெக்புக் என்றால் இன்னும் கடுமை. விற்பவர் முன்னாலேயே, இணையத்தில் இணைத்து, புதிதாக ஒரு தடவை ஆரம்பித்துக் காட்டச் சொல்வதுதான் வழி. (வளைகுடாவிலிருந்து வருவதில் ஒரு இலாபமும் உண்டு: கீபோர்டில் அரபு எழுத்து அச்சாகியிருக்கும். காத்தான்குடியில் அதையே தேடி வாங்குகிற மத்ரஸா மாணவர்களைப் பார்த்திருக்கிறேன்.) மெக்புக் என்று பேச்சு வந்ததால் ஒரு வரி: இன்டெல் சில்லு உள்ள மெக்குகளுக்கு 2025இல் வந்த மெக்ஓஎஸ் 26தான் கடைசிப் பெரிய பதிப்பு என்று ஆப்பிளே சொல்லிவிட்டது. விலை விழுந்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

டெஸ்க்டொப்பா லெப்டொப்பா என்று கேட்டால், வீட்டுக்கு லெப்டொப் என்பேன். காரணம் மின்சாரம். பழைய டவரும் மொனிட்டரும் சேர்ந்து 100 வாட் அளவில் இழுக்கும் என்று வையுங்கள். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் ஓடினால் மாதம் 18 யூனிட். 20 வாட் லெப்டொப்புக்கு நான்கு யூனிட்கூட வராது. மாதம் 60 யூனிட்டுக்குள் நிற்கும் வீடு அந்தக் கோட்டைத் தாண்டினால், பில் கணக்கிடும் முறையே மாறி, முதல் யூனிட்டிலிருந்து வேறு வீதம் விழும். மலிவாக வாங்கிய டவர் இப்படி மாதாமாதம் தன் விலையை வசூலிக்கும். போதாததற்கு மின்சாரம் போனால் கொஞ்ச நேரம் தாங்கும் யூபிஎஸ் ஒன்றும் வேண்டும், அதன் பேட்டரியை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றவும் வேண்டும். லெப்டொப்புக்கு அதன் வயிற்றிலேயே யூபிஎஸ் இருக்கிறது.

எல்லோருக்கும் இது சரிவருமா என்றால் இல்லை. ஒலுவிலில் பொறியியல் படிக்கும் பிள்ளைக்கு, பெரிய வரைபட மென்பொருள்கள் ஓட வேண்டும் என்றால், டி480இன் உள்ளமைந்த கிராபிக்ஸ் போதாமல் போகும். மூன்றாம் ஆண்டில் திரும்பவும் ஒன்று வாங்க நேரும். கல்யாண வீடியோ வெட்டுகிறவர்களுக்கும் அப்படியே. அவர்கள் கொஞ்சம் பொறுத்துக் காசு சேர்த்துப் புதிதாகவோ, தனி கிராபிக்ஸ் உள்ள இன்னும் பிந்திய தலைமுறையாகவோ எடுப்பது நல்லது. ஆனால் ஒப்படை எழுத, வகுப்புப் பார்க்க, கணக்கு வைக்க, அரசாங்கப் படிவம் நிரப்ப, சாதாரணதரப் பிள்ளை தகவல் தொழினுட்பப் பாடம் பழக என்றால், எட்டாம் தலைமுறை ஐ5 இன்னும் சில வருடம் சோம்பல் இல்லாமல் ஓடும்.

எட்டுக்கு முந்திய மெஷின் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் எறிய வேண்டாம். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளம் ஒன்றை ஏற்றினால் நான்காம் தலைமுறைகூட எஸ்எஸ்டியோடு நன்றாக நடக்கும், புதுப்பிப்பும் தொடர்ந்து வரும். நம் ஆட்கள் பயப்படுவது தமிழுக்குத்தான், பாமினி வேலை செய்யுமா என்று. செய்யும். பாமினி என்பது வெறும் எழுத்துருக் கோப்பு. ஆங்கில விசையைத் தட்டினால் தமிழ் உருவம் தெரியும், அவ்வளவுதான் அதன் வித்தை. எந்த இயங்குதளத்திலும் எழுத்துருவைப் போட்டால் போதும், தனியாக மென்பொருள் வேண்டியதில்லை. ஆனால் வேலைசெய்கிற ஐந்தாம் ஆறாம் தலைமுறை மெஷினை இப்போது புதிதாகக் காசு கொடுத்து வாங்குவது வேறு விஷயம். சொந்தக்காரர் சும்மா தந்தால் வாங்குங்கள்.

களுவாஞ்சிகுடிப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு சின்ன அச்சகம் இருக்கிறது. கல்யாணக் கார்ட், கோயில் நோட்டீஸ், மரண அறிவித்தல் எல்லாம் அங்கே அடிக்கிறார்கள். அங்கே ஓடுவது விண்டோஸ் எக்ஸ்பி. அதற்கு மைக்ரோசொஃப்ட் 2014 ஏப்ரலில் ஆதரவை நிறுத்தியது. அதில் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் 7. 2001இல் வந்த கடைசிப் பதிப்பு. எழுத்து பாமினி. இணையம் கொடுத்ததே இல்லை, கோப்பெல்லாம் பென் டிரைவில் போய் வரும். முதலாளி அண்ணன் போன மாதம் ஏறாவூரில் யாரோ கழித்துப் போட்ட, அதே மொடல் டவர் ஒன்றைப் பேரம் பேசி வாங்கிவந்தார். நான் திட்டத்தான் வாயெடுத்தேன். "ஓட்டுறதுக்கில்ல தம்பி, இதுட மதர்போர்ட் போனா மாத்துறதுக்கு" என்றார். மூடியைத் திறந்து, பல்லி எச்சத்தைத் துடைத்து, ரேமை அழிறப்பரால் தேய்த்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.